ஷோவா இருபது, இரண்டாம் மாதம்

மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமை என் பல் பட்டறைக்கு விடுமுறை. மற்ற நாட்களில் தொத்தோரி ஊர்ப் பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுப்பதுதான் என் தொழில். அந்த ஒரு நாள் மட்டும் மாகாண அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, மேசை விளக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஜனங்கள் பரணிலிருந்து எடுத்துவரும் வாள்களைப் பார்த்துச் சொல்வேன். பக்கத்து நாற்காலியில் இகுதா இருப்பார். அருங்காட்சியகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்துநாலு வயது. வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

எங்கள் வேலை கேட்க எளிது. பழைய முறைப்படி எஃகை மடித்து அடித்து, தண்ணீரில் தோய்த்துச் செய்த வாளா? பதிவுச் சீட்டு கொடுப்போம், வீட்டில் வைத்துக்கொள்ளலாம். போர்க்காலத்தில் ஆலையில் தேய்த்து, எண்ணெயில் தோய்த்த இரும்பா? சீட்டு இல்லை. போலீஸுக்குப் போகும், துண்டாக வெட்டிவிடுவார்கள். ராணுவ உறையோடு வாள் கொண்டுவரும் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள்: வெளிக்கூடுதான் ராணுவம், உள்ளே இருப்பது முப்பாட்டன் வாள், நானூறு வருஷம். பத்தில் ஒருவர் சொல்வது உண்மையாகவும் இருக்கும். அதனால் யாரையும் பார்த்துச் சிரிக்க முடியாது.

அந்த அக்டோபரில் ஓர் அண்ணனும் தங்கையும் வந்தார்கள். அண்ணன் உராகாமி கென்சுகே, அறுபது வயது, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியர். தங்கை மிச்சியோ, நாலு வயது இளையவர், பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. அப்பா வசந்த காலத்தில் காலமாகியிருந்தார். வீட்டை இடிப்பதற்காகக் காலி செய்தபோது, மடித்து வைத்த மெத்தைகளுக்குப் பின்னால் இருந்த வாளை எடுத்து முறைப்படி போலீஸில் காட்டிக் காகிதம் வாங்கி வந்திருந்தார்கள். காகிதம் தங்கை கையில், வாள் அண்ணன் கையில்.

"இது எங்க குடும்ப வாளுங்க" என்றார் கென்சுகே உட்காருவதற்கு முன்பே. "எங்கப்பா இதை எடுத்துக்கிட்டுத்தான் சீனாவுல ஹுனானுக்குப் போனார். ஷோவா பதினெட்டாம் வருஷம், அதான் 1943, கோடையில. பரம்பரையா வந்த வாளுக்கு ராணுவப் பிடி போட்டு எடுத்துட்டுப் போனேன்னு அவரே சொல்லியிருக்கார்."

தங்கை என்னைப் பார்த்து, "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க" என்றார். "இது தேறலைன்னா வெட்டிப் போட்டுடுவாங்கதானே?"

"போலீஸ்ல செய்வாங்கம்மா."

"நல்லது."

இகுதா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "இங்க வர்றவங்க எல்லாரும் பாஸாகணும்னு வேண்டிக்கிட்டு வருவாங்க. ஃபெயிலாகணும்னு வந்த முதல் ஆள் நீங்கதான்மா."

"அவ அப்படித்தான் சார், கண்டுக்காதீங்க" என்றார் கென்சுகே. "அப்பான்னாலே அவளுக்குக் கோபம்."

"கோபம் இல்ல அண்ணே. பயம்."

நான் வாளை வாங்கிக்கொண்டேன். பார்த்ததுமே எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது. உறையின் வளையங்களும் முனையும் பித்தளை இல்லை, மங்கலான இரும்பு. இடுப்பில் தொங்கவிட ஒரே ஒரு வளையம். பிடியில் சுற்றிய கயிற்றின் மேல் கெட்டியாக அரக்குப் பூச்சு. பிடியைக் கழலாமல் வைக்கும் மூங்கில் ஆணி வழக்கமாக ஒன்று; இதில் இரண்டு. இதெல்லாம் பித்தளைக்கே பஞ்சம் வந்த கடைசி வருஷங்களின் வேலை. ஹுனானுக்குப் பதினெட்டாம் வருஷம் போன வாளுக்கு இந்த உடுப்பு பொருந்தாது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. உடுப்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். முடிவு சொல்ல வேண்டியது பிடிக்குள் ஒளிந்திருக்கும் வால்பகுதிதான்.

உருவி விளக்குக்குக் கீழே சாய்த்தேன். இகுதா எட்டிப் பார்த்தார்.

"எண்ணெயில தோய்ச்சதுய்யா. விளிம்புக் கோடு செத்துக் கிடக்கு பாரு."

"தலையைக் கொஞ்சம் எடுங்க. வெளிச்சத்தை மறைக்கிறீங்க."

"நாப்பது வருஷமா மறைச்சுக்கிட்டுத்தான் பார்க்கறேன்."

"அதான் செத்துக் கிடக்கிற மாதிரி தெரியுது."

வாளை மெல்லத் திருப்பினேன். கூர்விளிம்பை ஒட்டிய வெள்ளைக் கோட்டின் மேல், காலையில் கூரைத் தகட்டில் படியும் பனி மாதிரி, மிக நுண்ணிய பொடிகள் மின்னின. எண்ணெயில் தோய்த்தால் அவை இப்படி வராது. பூதக்கண்ணாடியை இகுதாவிடம் நீட்டினேன். பல் வேலைக்கு வைத்திருக்கும் கண்ணாடி. அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "தண்ணிதான்" என்று முணுமுணுத்தார். தோற்றால் அவர் அதற்கு மேல் பேசமாட்டார்.

முனையிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பழுப்பாக ஒரு திட்டு இருந்தது. மிச்சியோ அதைக் காட்டினார். விரல் வாளில் படவில்லை, காற்றிலேயே நின்றது.

"இது ஆளை வெட்டியிருக்கா?"

எல்லோரும் கேட்கும் கேள்விதான். என்னிடம் வழக்கமான பதிலும் இருந்தது. "அது வெறும் துருங்க. யாராவது விரல் வெச்சுட்டுத் துடைக்காம விட்டிருப்பாங்க. வெட்டினதா இல்லையான்னு வாளைப் பார்த்துச் சொல்ல முடியாது."

"எங்கப்பா சொல்லியிருக்கார்" என்றார் அவர். பள்ளிக்கூடத்தில் அன்றைய சாப்பாட்டுப் பட்டியலைப் படிப்பது போன்ற குரல். "ஒவ்வொரு புத்தாண்டுக்கும், மூணாவது குப்பி சாக்கே குடிச்சு முடிச்சதும், இதை எடுத்துட்டு வருவார். நாங்க ரெண்டு பேரும் எதிர்ல மண்டி போட்டு உட்காரணும். ஒரு குளத்தங்கரை. கையைப் பின்னால கட்டின ஒரு ஆள். தண்ணி கேட்டானாம். குடிக்கக் கொடுத்துட்டு, அப்புறமா... வாளைத் துடைக்க மூணு தாமரை இலை தேவைப்பட்டுச்சாம். எனக்கு அப்ப ஏழு வயசு."

"போர்னா அப்படித்தான் இருக்கும்" என்றார் கென்சுகே. ஆனால் அதை மூடியிருந்த ஜன்னல் திரையைப் பார்த்துச் சொன்னார்.

இரண்டு ஆணிகளையும் சிறு சுத்தியலால் தட்டி எடுத்தேன். பிடியை இடது கையில் நிமிர்த்திப் பிடித்து, மணிக்கட்டில் வலது முஷ்டியால் குத்தினேன். மூன்றாவது குத்தில் வாள் துள்ளிக் கழன்றது. வால்பகுதியில் துரு இளஞ்சிவப்பாகத்தான் இருந்தது. முந்நூறு, நானூறு வருஷத்து இரும்பு என்றால் வேகவைத்த கஷ்கொட்டைத் தோல் மாதிரி கறுத்திருக்கும். அந்த ஆணிகளுக்கான ஒரே ஜோடித் துளை, அரம் போட்ட கோடுகள் நேற்றுப் போட்டவை போல. மேலே விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு நட்சத்திர முத்திரை. பழைய முறையில் செய்வதற்கென்று ராணுவம் எடுத்துக்கொண்ட கொல்லர்களின் வேலைக்கு அடிக்கும் முத்திரை அது. அதன் கீழே கொல்லர் பெயர். ஒகயாமா பக்கத்து ஆள், நல்ல வேலைக்காரர், பெரிய பேர் இல்லை. பின்புறம் திருப்பினேன். உளியால் வெட்டிய எழுத்துகள் தெளிவாக இருந்தன.

"ஷோவா இருபதாம் ஆண்டு, இரண்டாம் மாதம்" என்று படித்தேன். "அதாவது 1945."

கென்சுகே நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"பத்துன்னு இருக்கும். சரியாப் பாருங்க" என்றார் கென்சுகே.

வாளைத் திருப்பி அவருக்கே காட்டினேன். இரண்டு, பத்து என்று அடுத்தடுத்து இரண்டு எழுத்து; அதுதான் இருபது. சின்னப் பிள்ளைகூடப் படித்துவிடும்.

"மாசத்தை ரொம்ப நம்பாதீங்க" என்றேன். "எந்த மாசம் செஞ்சாலும் ரெண்டுன்னோ எட்டுன்னோ வெட்டறது கொல்லர்கள் வழக்கம். ஆனா வருஷத்தில பொய் சொல்ல மாட்டாங்க. முத்திரை, துரு, உறை எல்லாமே அந்த வருஷத்துக்குத்தான் பொருந்துது."

மிச்சியோ விரல் விட்டு எண்ணினார். "பதினெட்டுல இது இல்லவே இல்ல."

"பிறக்கவே இல்லம்மா" என்றார் இகுதா.

"அப்பாகிட்ட ரெண்டு வாள் இருந்திருக்கலாம்" என்றார் கென்சுகே. "முதல் வாள் சீனாவிலேயே போயிருக்கும். இது திரும்பி வந்து வாங்கினது."

"இருக்கலாம்" என்றேன். அது நியாயமான பேச்சு. "இந்த வாள் அந்தக் குளத்தங்கரைக்குப் போகலைங்கறது மட்டும் நிச்சயம். உங்கப்பா போனாரா இல்லையான்னு இரும்பு சொல்லாது."

"அதை நாலாவது மாடியில சொல்லுவாங்க" என்று இகுதா குறுக்கே புகுந்தார். "ராணுவத்துல இருந்தவங்க பதிவேடு நலத்துறையில இருக்கு. பிள்ளைங்க கேட்டா நகல் தருவாங்க."

நான் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். தாமதமாகிவிட்டது. மிச்சியோ என் பேனாவை எடுத்து, புறங்கையில் 'நாலாவது மாடி' என்று எழுதிக்கொண்டிருந்தார்.

வாள் தேறிவிட்டது. நீளம், வளைவு, பெயர், ஆண்டு எல்லாம் எழுதிச் சீட்டைக் கொடுத்தோம். கென்சுகே அதை வாங்காமலே வெளியே போய்விட்டார். வெட்டிப் போடச் சொல்லி வந்த அம்மாதான் வாளை மெத்தை உறையில் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

அடுத்த மாத வியாழக்கிழமை நண்பகலில், அலுவலகத்தின் கீழ்த்தளச் சாப்பாட்டுக்கூடத்தில் நான் சோபா நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மிச்சியோ எதிரில் வந்து உட்கார்ந்தார். தனியாகத்தான் வந்திருந்தார். ஒரு தாளை மேசையில் வைத்தார்.

"படிக்கத் தெரியல சார். ராணுவக் கிறுக்கலா இருக்கு. அண்ணன் தொடவே மாட்டேங்கறார்."

பக்கத்தில் வைத்து விரலால் ஒவ்வொரு வரியாக ஓட்டினேன். பதினெட்டாம் வருஷம் டிசம்பரில், தோக்கியோ கல்லூரி மாணவராக இருந்தவர் படையில் சேர்க்கப்படுகிறார். ஹிமேஜியில், குதிரை வண்டிகளில் சாமான் கொண்டுபோகும் படைப்பிரிவு. பத்தொன்பதில் அதிகாரிப் பயிற்சி, ஆண்டு முடிவில் பயிற்சி அதிகாரி. அதிகாரி என்றால் வாளைச் சொந்தமாக வாங்கிக்கொள்ள வேண்டும். இருபதில் ககோஷிமா கடற்கரையில் காவல், ஜூன் மாதம் இரண்டாம் லெப்டினன்ட், செப்டம்பரில் வீடு. அயல்நாட்டுப் பணி என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தது.

"எங்கேயும் போகலைங்க" என்றேன். "பதினெட்டாம் வருஷம் கோடையில அவர் காலேஜ்ல இருந்திருக்கார்."

அவர் சிரித்தார். அடக்கப் பார்த்து முடியாமல் சத்தமாகச் சிரித்ததில், அடுத்த மேசை ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு அடங்கியதும் என் தட்டிலிருந்த கைத்துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுகிறார் என்பதே அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"செத்தவங்களுக்குப் படைக்கிற ஆகஸ்ட் மாசம் வந்தா, சாமி மாடத்துல ஒரு கிண்ணம் தண்ணி தனியா வைப்பேன்" என்றார். "அந்த ஆளுக்கு. பேர் தெரியாது, ஊர் தெரியாது. எங்க வீட்டுக்காரர் கேட்டா, பூவுக்குன்னு சொல்லிடுவேன். நாப்பத்தொன்பது வருஷம் சார். கல்யாணம் பேசறப்பகூட, கொலைகாரன் பொண்ணுன்னு தெரிஞ்சா இவங்க வேண்டாம்னு சொல்லிடுவாங்களோன்னு நடுங்கினேன்."

"இப்பவாவது நிம்மதியா இருக்கலாமே."

"அதான் வர மாட்டேங்குது. கோபம்தான் வருது." தாளை நாலாக மடித்தார். "நிஜமாவே செஞ்சிருந்தா, அந்த நினைப்பு தாங்காமக் குடிச்சுட்டு உளறுறார்னு சொல்லலாம். அப்படித்தான் நானும் மன்னிச்சு வெச்சிருந்தேன். செய்யாத ஒண்ணை எதுக்கு சார் ஏழு வயசுக் குழந்தைகிட்ட சொல்லணும்? ரெண்டாம் கிளாஸ் படிக்கிற குழந்தைங்களுக்கு தினம் நான் சாப்பாடு போடறேன். அந்த மூஞ்சியைப் பார்த்து எப்படிங்க சொல்ல முடியும்?"

என் நூடுல்ஸ் ஊறிப்போயிருந்தது. அவர் அதைக் கவனித்து, சமையல்காரப் பழக்கத்தில், "அதைச் சாப்பிடாதீங்க, வேற வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வருஷக் கடைசியில், பனி கொட்டிய ஒரு காலையில், கென்சுகே என் பல் பட்டறைக்கே வந்துவிட்டார். யாரிடமோ விசாரித்திருக்கிறார். காலணியில் இருந்த பனியைத் தட்டக்கூட இல்லை.

"எழுத்தைப் பின்னாடி வெட்டியிருக்கலாம் இல்லையா?" என்றார். "போலியா கொல்லர் பேர் போடறது உண்டுன்னு படிச்சேன்."

"உண்டுங்க. விலை ஏத்தறதுக்காகப் பழைய, பெரிய பேரா வெட்டுவாங்க. தோத்த வருஷத்தை எதுக்குப் போலியா வெட்டணும்?"

"பதிவேட்டுல தப்பு நடக்கலாம்."

"நடக்கலாம். ஆனா வாளும் பதிவேடும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்ல. ரெண்டும் ஒரே வருஷத்தைச் சொல்லுது."

அவர் உட்கார்ந்தார். அலமாரி முழுக்கச் சுண்ணாம்பில் வார்த்த தாடைகள், அவரைப் பார்த்தபடி. நான் கெண்டியிலிருந்து தேநீர் ஊற்றி வைத்தேன். அதைத் தொடவில்லை.

"சாவு வீட்டுல நான்தான் பேசினேன்" என்றார். "நூறு பேருக்கு முன்னால. அப்பா ஹுனான்ல போராடினவர்னு. அவரோட படையில இருந்த கிழவர் ஒருத்தர் ககோஷிமாலேர்ந்து வந்திருந்தார். பேசி முடிச்சதும் என்னைப் பார்த்துத் தலைகுனிஞ்சு வணங்கினார். ஒரு வார்த்தை சொல்லல. இப்ப நினைச்சா முகம் எரியுது."

"அவர் மரியாதைக்குத்தான் பேசாம இருந்திருப்பார்."

"அதுதான் எரியுது." கைகளைத் தேய்த்துக்கொண்டார். "இன்னொண்ணு. இதை வீட்டுல யார்கிட்டயும் சொன்னதில்ல. மூணு வருஷத்துக்கு முன்னால சுற்றுலாக் கூட்டத்தோட ஹுனானுக்குப் போனேன். எல்லாரும் மலையைப் பார்க்கப் போனாங்க. நான் வயித்து வலின்னு சொல்லிட்டு, வாடகைக் காரை வெச்சுக்கிட்டுக் குளம் குளமாச் சுத்தினேன். தாமரைக் குளம் அங்க எத்தனை இருக்குங்கறீங்க? டிரைவருக்கு என்னைப் பைத்தியம்னு தோணியிருக்கும். கடையில பாட்டில் தண்ணி வாங்கி, ஒவ்வொரு கரையிலயும் திறந்து ஊத்தினேன். பதினோரு குளம்."

நான் கையிலிருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தேன். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்வது என் வேலை இல்லை. வாளைத் தவிர எதைப் பற்றியும் கருத்துச் சொல்லக் கூடாது என்று எனக்கு நானே வைத்திருந்த சட்டம் உண்டு. அன்றைக்கு அதை மீறினேன்.

"உங்க தங்கச்சி ஆகஸ்ட் மாசம் அந்த ஆளுக்கு ஒரு கிண்ணம் தண்ணி வைக்கிறாங்க. சின்ன வயசிலேர்ந்து."

"மிச்சியோவா?"

"பூவுக்குன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லியிருக்காங்க."

அவர் சுண்ணாம்புத் தாடைகள் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவ மண்டி போட்டு உட்கார்ந்திருப்பா, பக்கத்துல நான்" என்றார். "நான் சிரிப்பேன். பயப்படலைன்னு காட்டறதுக்காக. அப்பாவுக்கு அது பிடிக்கும்." பிறகு தலையை நிமிர்த்தி, "அப்ப அந்த ஆளு?" என்று கேட்டார். "குளத்தங்கரையில தண்ணி கேட்டவன். அவன் இருந்தானா, இல்லையா?"

"எனக்குத் தெரியாதுங்க. பயிற்சி கொடுத்தவங்க பல பேர் சீனாவிலேர்ந்து திரும்பினவங்க. யாராவது சொன்னதை உங்கப்பா கேட்டிருக்கலாம். சுத்தமாக் கற்பனையாவும் இருக்கலாம்."

"மூணு தாமரை இலைன்னு யாரும் கற்பனையா சொல்ல மாட்டாங்க."

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் அதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு அவர் கிளம்பினார்.

புத்தாண்டு அன்று அவர் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார். அதற்கு முன் நாலு வருஷமாக ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதே இல்லையாம். என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஜனவரியில் மிச்சியோ தொலைபேசியில் கூப்பிட்டு, வாளை அண்ணன் பேருக்கு மாற்ற எந்தக் காகிதம் அனுப்ப வேண்டும் என்று கேட்டார்.

"சீட்டைக்கூட வாங்காமப் போனவர் அவர்தானே?" என்றேன்.

"இப்ப வேணுமாம். துருவைச் சுரண்டிடாதேன்னு சொல்லியிருக்கேன். கேட்பாரான்னு தெரியல. கார் ஓட்டக் கத்துக்கொடுக்கறவர் இல்லையா, அடுத்தவங்க சொல்றதைக் கேட்டுப் பழக்கம் இல்ல" என்று சொல்லிவிட்டு, ஆயிரத்து இருநூறு பேருக்குக் குழம்பு கொதிக்கிறது என்று வைத்துவிட்டார்.

எங்கள் ஊரில் வாள் பார்ப்பவர்கள் கூட்டம் ஒன்று உண்டு. வருஷத்துக்கு நாலு தடவை கோயில் கூடத்தில் கூடுவோம். ஏப்ரல் கூட்டத்துக்குக் கென்சுகே வாளோடு வந்தார். கொண்டுவந்தவர் எழுந்து நின்று தன் வாளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது வழக்கம். அவருக்கு முன்னால் பேசியவர்கள் போர்க்களப் பேர்களாக அடுக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"1945-ல ஒகயாமாவில செஞ்சது" என்றார் கென்சுகே. மாணவனுக்கு கியர் மாற்றச் சொல்லிக்கொடுப்பது போன்ற, ஏற்ற இறக்கம் இல்லாத குரல். "எங்கப்பா அதிகாரி ஆனப்ப வாங்கினது. ககோஷிமா வரைக்கும் போச்சு. அங்க அவர் குதிரைகளைப் பார்த்துக்கிட்டார். சண்டை எதையும் பார்த்ததில்ல."

"குதிரையா?" என்று யாரோ சிரித்தார்கள். "எத்தனை குதிரை?"

"தெரியல. அதை அவர் சொன்னதே இல்ல" என்றார் கென்சுகே.

வாள் கை மாறிக் கை மாறிப் போனது. இகுதா தன் முறை வந்தபோது விளக்குக்குக் கீழே சாய்த்து, தலையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, "விளிம்புல நல்ல பனிப்பொடிய்யா. தண்ணியில தோய்ச்சதுன்னு முதல் பார்வையிலயே கண்டுபிடிச்சேன்" என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். கென்சுகே என்னைப் பார்த்தார். அன்றுதான் முதல்முறையாக அவர் சிரித்து நான் பார்த்தேன்.